பீலி சூடிய வேலும் நுனி முறிந்த வேலும்: ஆயுதங்களில் பண்பாட்டைப் படிப்பது எப்படி?

ஒரு மக்களின் ஆயுதங்களையும் கவசங்களையும் பார்த்து அவர்களுடைய பண்பாட்டை அறிய முடியுமா, அல்லது அவை வெறும் போர்க்கருவிகள்தாமா என்பது கேள்வி. அறிய முடியும் என்பதே என் பதில். ஆனால் வாளின் வேலைப்பாட்டைப் பார்த்தவுடன் இவர்கள் வீரத்தை வழிபட்டவர்கள் என்றும், கோடரியின் முரட்டுத்தனத்தைப் பார்த்தவுடன் இவர்கள் கொடியவர்கள் என்றும் முடிவுகட்டுகிற வழக்கமான வாசிப்பு பெரும்பாலும் தவறாகவே முடிகிறது. ஓர் ஆயுதம் தன்னைச் செய்தவர்களின் குணத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. அவர்களுடைய மண் எதைக் கொடுத்தது, எதிரியிடமிருந்து அவர்கள் எதைப் பெற விரும்பினார்கள், அந்த ஆயுதத்தை ஏந்தும் உரிமை யாருக்கு இருந்தது என்பவற்றைப் பற்றியே அது நம்பகமாகப் பேசுகிறது.

மண்ணிலிருந்தே தொடங்கலாம். பசிபிக் பெருங்கடலின் நடுவே, நிலநடுக்கோட்டின் இருபுறமும் சிதறிக் கிடக்கும் பவளத் தீவுகளின் கூட்டம் கிரிபாட்டி. வெள்ளையர் காலத்தில் அதன் மேற்குப் பகுதி கில்பர்ட் தீவுகள் எனப்பட்டது. அங்கே இரும்புத் தாது கிடையாது. செதுக்கிக் கூராக்கத்தக்க கருங்கல்லும் கிடையாது. இருப்பவை தென்னையும் கடலும்தான். ஆகவே அம்மக்கள் தேங்காய் நாரைத் திரித்து, கயிறாக்கி, அந்தக் கயிற்றை முடிச்சு முடிச்சாக நெருக்கிப் பின்னி, கை கால் முழுவதையும் மூடும் சட்டையும் அதன்மேல் அணியும் தடித்த மார்க்கவசமும் செய்தார்கள். கயிற்றுப் பாயின் முரட்டுத்தன்மையைக் கையால் தடவி அறிந்தவர்கள், அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு தடிப்பான ஓர் உடையைக் கற்பனை செய்துகொள்ளலாம். தலைக்கு, உடலை ஊதிப் பெருக்கி முட்களை விறைத்துக்கொள்ளும் பேத்தை மீனின் உலர்ந்த தோலையே கவசமாகக் கவிழ்த்துக்கொண்டார்கள். ஆயுதங்களோ தென்னை மரத்தடியில் சுறாவின் பற்களை வரிசையாகப் பதித்தவை. ஒவ்வொரு பல்லிலும் நுண்ணிய துளையிட்டு, நாராலும் சில நேரங்களில் மனிதத் தலைமுடியாலும் இழுத்துக் கட்டியிருப்பார்கள்.

இந்தக் கவசத்தின் முதுகுப்புறத்தில் ஒரு பலகை தலைக்கும் மேலாக எழுந்து நிற்கும். எதிரி முன்னால் நிற்கும்போது பின்னந்தலைக்கு ஏன் இவ்வளவு பாதுகாப்பு? வீரனுக்குப் பின்னால் அவனுடைய தரப்பினரே, குறிப்பாகப் பெண்கள், எதிரியை நோக்கிக் கல்லெறிந்துகொண்டிருந்தார்கள் என்றும், குறி தவறும் கற்களிலிருந்து காக்கவே அந்தப் பலகை என்றும் அருங்காட்சியகக் குறிப்புகள் விளக்குகின்றன. அப்படியானால் அந்தப் பலகை ஒரு சமூகக் காட்சியையே நமக்குக் காட்டுகிறது: போர் என்பது ஆண்கள் தொலைவில் தனியே போய்ச் செய்யும் காரியமாக அங்கே இல்லை, குடும்பமே வந்து நின்ற வழக்கு அது. சுறாப் பல்லும் இதற்குப் பொருந்துகிறது. அது தசையைக் கிழிக்கும், ஆனால் ஆழமாக இறங்காது. ஒருவனைக் கொன்றுவிட்டால் அவன் குடும்பத்துக்கு நிலத்தை ஈடாகக் கொடுக்க வேண்டும் என்பது வழக்கமாக இருந்ததாகப் பதிவுகள் சொல்கின்றன. நடந்து கடந்துவிடக்கூடிய அகலமே உள்ள தீவில் நிலத்தை இழப்பது என்றால் என்ன என்பதை யோசித்தால், காயப்படுத்துவதோடு நின்றுவிடும் ஆயுதம் ஏன் அவர்களுக்கு ஏற்றதாக இருந்தது என்பது விளங்கும்.

இந்த ஆயுதங்கள் சொன்ன இன்னொரு செய்தியைச் செய்தவர்களே எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். அமெரிக்க அருங்காட்சியகமொன்றில் இருந்த இவ்வகை ஆயுதங்களின் பற்களை ஆராய்ந்து 2013இல் வெளியிடப்பட்ட ஆய்வு, அவற்றில் இரண்டு சுறா இனங்களேனும் இன்று அந்தக் கடற்பகுதியில் காணப்படாதவை என்று காட்டியது. அந்தக் கடலில் அவை ஒரு காலத்தில் இருந்ததற்கு இந்த ஆயுதங்களே சான்றாகிவிட்டன.

எதிரியிடமிருந்து எதைப் பெற விரும்பினார்கள் என்பதற்கு மெக்சிகோவின் அஸ்டெக் மக்களைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. அவர்களுடைய முதன்மையான கைப்போர் ஆயுதம் மக்குவாவிட்டில் எனப்பட்டது. துடுப்புப்போன்ற தட்டையான மரக்கட்டையின் இரு விளிம்புகளிலும் எரிமலைக் கண்ணாடியின் கூரிய தகடுகள் பதிக்கப்பட்டிருக்கும். அந்தக் கண்ணாடியின் விளிம்பு எஃகுக் கத்தியை நாணச் செய்யும் கூர்மை உடையது. ஆனால் எளிதில் நொறுங்கும், குத்துவதற்கும் உதவாது. மார்பை, பஞ்சு வைத்துத் தைத்த தடித்த பருத்திக் கவசம் காத்தது. அஸ்டெக் போர்வீரனின் உயர்வு அவன் கொன்ற எண்ணிக்கையால் அமையவில்லை. உயிரோடு பிடித்துக் கொண்டுவந்த கைதிகளின் எண்ணிக்கையாலேயே அமைந்தது. அக்கைதிகள் கோயில்களில் பலியிடப்பட்டார்கள். ஸ்பானியர் வெற்றிக்குப் பின் அங்குள்ள ஓவியர்களைக் கொண்டு எழுதப்பட்ட மெண்டோசா ஏட்டில், ஒருவரைப் பிடித்தவனுக்கு ஓர் உடை, இருவரைப் பிடித்தவனுக்கு வேறோர் உடை, நால்வரைப் பிடித்தவனுக்கு ஜாகுவார் என்ற அமெரிக்கச் சிறுத்தையின் தோற்றமுடைய உடை என்று படிப்படியாக வரையப்பட்டிருக்கிறது. களத்தில் நிற்கும் ஒருவனின் வரலாற்றை எதிரி அவனுடைய உடையிலிருந்தே படித்துக்கொள்ளலாம். கவசம் அங்கே உடலைக் காப்பதோடு பதவிப் பட்டயமாகவும் இருந்தது.

கைதி பிடிப்பதற்காகவே அந்த ஆயுதம் உருவானது என்று சிலர் எழுதுவதை நான் முழுமையாக ஏற்பதில்லை. ஒரே வீச்சில் குதிரையின் கழுத்தை வெட்டியதாக ஸ்பானிய வீரர்களே எழுதிவைத்த ஆயுதம் அது. கொல்லத் தெரியாத கருவி என்று அதைச் சொல்லிவிட முடியாது. 1521இல் அவர்களுடைய தலைநகரம் வீழ்ந்ததை எஃகுக்கும் கண்ணாடிக்கும் நடந்த போட்டியின் முடிவாகச் சொல்வதும் மிகையே. ஸ்பானியரோடு சேர்ந்து போரிட்ட ட்லாஸ்கலா மக்களின் பெரும்படையையும், நகருக்குள் பரவிய பெரியம்மையையும் விட்டுவிட்டு அந்த வீழ்ச்சியைப் பேச முடியாது. அதே போரில் ஸ்பானியர் பலர் தங்கள் இரும்புக் கவசத்தைக் கழற்றிவிட்டு உள்ளூர்ப் பருத்திக் கவசத்தை அணிந்துகொண்டார்கள். அந்த வெயிலுக்கும் அந்த அம்புகளுக்கும் அதுவே பொருத்தமாக இருந்தது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. அதை நம் மொழியிலேயே ஒருவர் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் சொல்லிவிட்டார். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையாருக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். அதைக் கண்ட ஔவையார் சொல்கிறார்: இவை மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பட்டுக் காவலுள்ள மனையில் இருக்கின்றன. அதியமானுடைய வேல்களோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லனின் சிறு கொட்டிலில் கிடக்கின்றன என்பது புறநானூற்றின் 95ஆம் பாடலின் செய்தி. புகழ்வதுபோல் இகழும் அந்தக் கூற்றை நான் அருங்காட்சியகங்களுக்குப் போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். உலகெங்கும் கண்ணாடிப் பேழைகளில் இருப்பவை பெரும்பாலும் தொண்டைமானின் ஆயுதங்களே. பொன் பூசியவை, பரிசாகக் கொடுக்கப்பட்டவை, ஊர்வலத்துக்கு மட்டும் எடுக்கப்பட்டவை எஞ்சி நின்றன; குடியானவனின் ஈட்டியும் சாதாரணக் காலாளின் பஞ்சுச் சட்டையும் உக்கிப்போயின, அல்லது உருக்கப்பட்டுக் கலப்பைக் கொழுவாக மாறின. ஆகவே எஞ்சியிருப்பவற்றிலிருந்து ஒரு பண்பாட்டைப் படிக்கும்போது, அந்தப் பண்பாட்டின் மேல்தட்டு தன்னை எப்படிக் காட்டிக்கொள்ள விரும்பியது என்பதையே முதலில் படிக்கிறோம்.

இந்தக் கோளாறு ஜப்பானைப் பற்றிய பொதுக் கருத்தில் மிக அதிகம். சாமுராய் என்றதும் வாள் நினைவுக்கு வருகிறது. வாள் சாமுராயின் உயிர் என்ற சொற்றொடரும் உடன் வருகிறது. ஆனால் தொடக்கக்காலச் சாமுராய் முதன்மையாகக் குதிரைமேல் இருந்து அம்பெய்யும் வில்லாளி. தன் தொழிலை அவன் ‘வில்லும் குதிரையுமான வழி’ என்றே அழைத்தான். அக்காலத்தில் அணியப்பட்ட ஓ-யொரோயி என்ற பெருங்கவசத்தின் அமைப்பே இதற்குச் சான்று. வில்லைப் பிடிக்க இரண்டு கைகளும் வேண்டும் என்பதால் கேடயம் ஏந்த இயலாது. அதற்கு ஈடாக இரு தோள்களிலிருந்தும் அகன்ற பலகைகள் தொங்கின. வில்லின் நாண் மார்பில் உள்ள தகடுகளில் சிக்காமல் வழுக்கிச் செல்லும்படி முன்புறத்தில் வழவழப்பான தோல் போர்த்தப்பட்டிருந்தது. அம்பு தொடுக்கும்போது எதிரியை நோக்கி நீளும் இடது கைக்குக் கவசம் இருந்தது. நாணை இழுக்கும் வலது கைக்குத் தொடக்கத்தில் கவசம் கிடையாது. எழுத்துச் சான்று எதுவும் கிடைக்காமல் இந்தக் கவசம் ஒன்று மட்டும் கிடைத்திருந்தாலும், அதை அணிந்தவன் எப்படிப் போரிட்டான் என்பதைச் சொல்லிவிடலாம்.

பின்னர் 1543இல் தனேகாஷிமா தீவில் இறங்கிய போர்த்துக்கேயர்களிடமிருந்து துப்பாக்கி வந்தது. ஜப்பானியக் கொல்லர்கள் அதை விரைவில் தாங்களே செய்யக் கற்றுக்கொண்டார்கள். 1575இல் நாகாஷினோ போரில் ஓடா நொபுநாகா என்ற படைத்தலைவரின் துப்பாக்கி வீரர்கள் களத்தின் போக்கை மாற்றினார்கள். சிறு தகடுகளைப் பட்டுக்கயிற்றால் கோத்த பழைய கவசம் மறைந்து, அகன்ற இரும்புத் தகடுகளால் ஆன புதிய கவசம் வந்தது. சில கவசங்களில் செய்தவரே குண்டு சுட்டுச் சோதித்த பள்ளம் ஒன்றை வேண்டுமென்றே விட்டுவைத்திருப்பார். அதுதான் வாங்குபவருக்குத் தரச்சான்று. பெருந்திரள் படைகள் புகைமூட்டத்தில் மோதும் காலம் வந்தபோது, தலைவன் எங்கே நிற்கிறான் என்பது தெரிய வேண்டுமென்று தலைக்கவசங்கள் விசித்திரமான வடிவங்களை எடுத்தன: முயல் காது, சிப்பி, மான்கொம்பு, பிறைநிலா. பிறைநிலாத் தலைக்கவசத்தால் தாதே மசமுனே என்ற சிற்றரசர் இன்றும் அடையாளம் காணப்படுகிறார்.

அப்படியானால் வாள் எப்போது உயிரானது? 1588இல், அப்போது ஜப்பானின் ஆட்சியைக் கையில் வைத்திருந்த தோயோதோமி ஹிதேயோஷி குடியானவர்களிடமிருந்து ஆயுதங்களைப் பறிக்க ஆணையிட்டார். பறித்த இரும்பைக் கொண்டு பெரிய புத்தர் சிலைக்கான ஆணிகள் செய்யப்படும், அதனால் கொடுப்பவர்களுக்குப் புண்ணியம் என்றும் அந்த ஆணை சொன்னது. குடியானவர் கிளர்ச்சி செய்யாமல் தடுப்பதே நோக்கம் என்பதையும் அது மறைக்கவில்லை. அதன் பிறகு தோகுகாவா குடும்பத்தின் ஆட்சியில் ஏறக்குறைய இரண்டரை நூற்றாண்டு உள்நாட்டு அமைதி நிலவியது. அந்த அமைதிக் காலத்தில்தான், நீண்டதும் குட்டையுமான இரட்டை வாள்களை இடுப்பில் செருகிக்கொள்வது சாமுராய் வகுப்பின் தனியுரிமையாக இறுகியது. வாளைப் பற்றிய தத்துவங்களில் பெரும்பகுதியும் அப்போதுதான் தழைத்தது. போரிட வேண்டிய தேவை குறையக் குறைய வாளின் பொருள் கூடிக்கொண்டே போனது. 1876இல் பொது இடங்களில் வாள் அணிவதற்குத் தடை வந்தபோது எழுந்த மனக்கசப்பு, ஒரு கருவி பறிபோனதற்காக எழுந்தது என்று சொல்ல முடியாது. ஒரு சாதியின் அடையாளச் சின்னம் பறிபோனதால் எழுந்தது அது.

உரிமையைப் பற்றிப் பேசும்போது கேடயத்தையும் பார்க்க வேண்டும். ஆப்பிரிக்காவின் சூலு அரசில் பெரிய போர்க் கேடயங்கள் அரசனின் மாட்டு மந்தைகளிலிருந்து பெற்ற தோலால் செய்யப்பட்டு, அரசனின் உடைமையாகவே கருதப்பட்டன. படைப்பிரிவுக்கேற்ப நிறம் மாறியது. மணமாகாத இளைஞர்களுக்குக் கருமை மிகுந்த தோலும், முதிர்ந்த பிரிவுகளுக்கு வெண்மை மிகுந்த தோலும் என்பது பொதுவான போக்கு. மாடே செல்வமாக இருந்த சமூகத்தில் அரசனின் மந்தை எவ்வளவு பெரியது என்பது படையின் வரிசையிலேயே தெரிந்தது. பண்டைக் கிரேக்கத்தில் நிலைமை நேர்மாறு: கனமான வட்டக் கேடயத்தைக் குடிமகன் தன் செலவிலேயே வாங்கிக்கொண்டான், வாங்க வசதியுள்ளவனே வரிசையில் நின்றான், அந்த வரிசையில் நின்றவனுக்கே ஊரவையில் மதிப்பும் இருந்தது. ஸ்பார்ட்டாவில் தலைக்கவசத்தை இழந்தவனைவிடக் கேடயத்தை எறிந்தவனுக்கு ஏன் பெரிய இழிவு என்று கேட்டதற்கு, தலைக்கவசம் அவனுக்காக, கேடயம் வரிசை முழுவதற்காக என்று அவர்களுடைய அரசன் ஒருவன் பதில் சொன்னதாகப் பண்டைக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் பதிவுசெய்திருக்கிறார்.

ஜாவாவின் கிரிஸ் கத்தியையும் யேமனின் வளைந்த குத்துவாளான ஜம்பியாவையும் ஒருசேரச் சொல்லலாம். இரண்டும் ஆணின் உடையில் ஓர் அங்கம். கிரிஸ் அலகு நெளிந்திருந்தால் நெளிவுகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாகவே இருக்கும்; நேரான கிரிஸ்களும் ஏராளம் உண்டு. இரும்பையும் நிக்கல் கலந்த இரும்பையும் மடித்து மடித்து அடித்து உண்டாக்கும் கோலத்தைப் பாமோர் என்பார்கள். பிரம்பனான் அருகே விழுந்த விண்கல்லின் இரும்பு சில கிரிஸ்களில் இதற்குப் பயன்பட்டது. அக்கல்லின் எஞ்சிய பகுதி சுரகர்த்தா அரண்மனையில் வைக்கப்பட்டிருக்கிறது. ஜாவாவில் சடங்குகளின்போது கிரிஸை முதுகுப்புறத்தில் செருகுவார்கள். கையெட்டும் முன்புறத்தை விட்டுவிட்டு ஆயுதத்தைப் பின்னால் அணிவது, அடக்கத்தின் மொழி. ஜம்பியாவிலோ மதிப்பு முழுவதும் பிடியில் இருந்தது. காண்டாமிருகக் கொம்பால் ஆன பிடிக்கே உயர்ந்த மதிப்பு. 1970களில் சவூதி அரேபியாவில் வேலைபார்த்துப் பணம் சேர்த்த வட யேமன் இளைஞர்கள், முன்பு மேட்டுக்குடியினருக்கு மட்டும் எட்டிய அந்தப் பிடியைத் தாங்களும் வாங்கத் தொடங்கினார்கள். விளைவை ஆப்பிரிக்கக் காண்டாமிருகங்கள் அனுபவித்தன. யேமன் 1982இல் கொம்பு இறக்குமதியைத் தடைசெய்த போதிலும் கடத்தல் உடனே நிற்கவில்லை.

இறுதியாகத் தஞ்சாவூர்க் கட்டாரி. மற்றக் குத்துவாள்களில் பிடி அலகின் நேர்க்கோட்டில் நீளும். கட்டாரியில் இரு பக்கச் சட்டங்களுக்கு நடுவே குறுக்குக் கம்பிகள் இருக்கும். அவற்றை முட்டிக்குள் பற்றிக்கொண்டால், முட்டியால் இடிக்கும் அசைவே குத்தாக மாறும். விஜயநகரக் காலத்திலும் நாயக்கர் காலத்திலும் தென்னாட்டில் செய்யப்பட்ட கட்டாரிகளில், கைவிரல்களின் மேல் பாய்மரம்போல் விரியும் ஓர் இரும்புக் காப்பு உண்டு. அந்தக் காப்பிலும் அலகின் அடியிலும் யாளியும் கொடியும் தாமரையும் குடைந்து செதுக்கப்பட்டிருக்கும். கோயில் தூணில் கல்லில் பார்த்த அதே யாளியை அதே காலத்துக் கொல்லன் எஃகில் இறக்கியிருக்கிறான். ஆகவே இது முழுக்க முழுக்கத் தென்னாட்டுப் பொருள் என்று தோன்றும். ஆனால் அலகைக் கூர்ந்து பார்த்தால், பல கட்டாரிகளில் அது ஐரோப்பாவில் செய்யப்பட்டது. கப்பலில் வந்த நீண்ட வாளின் அலகைத் துண்டித்து உள்ளூர்ப் பிடியில் பொருத்தியிருக்கிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மூசை எனும் மண்குகையில் இட்டு உருக்கிய எஃகுக்குத் தென்னிந்தியாவே பேர்போனது. டமாஸ்கஸ் வாள் என்று மேலைநாட்டார் புகழ்ந்த பாரசீக, சிரிய வாள்களில் பலவற்றின் மூலப்பொருள் இங்கிருந்து கட்டிகளாகக் கப்பலேறியது. எஃகு வெளியே போய்க்கொண்டிருந்த அதே துறைமுகங்களின் வழியாகப் பரங்கி அலகுகள் உள்ளே வந்துகொண்டிருந்தன. பிறநாட்டு அலகை இடுப்பில் செருகிக்கொள்வது ஒரு பெருமையாக இருந்திருக்க வேண்டும். பண்பாடு என்பதைத் தூய்மையோடு குழப்பிக்கொள்பவர்களுக்கு நான் இந்தக் கட்டாரியைத்தான் காட்டுவேன். தஞ்சைக் கொல்லனின் பண்பாடு, அந்நிய அலகை மறுத்ததில் வெளிப்படவில்லை. அதை எடுத்து எந்தப் பிடியில் பொருத்தினான் என்பதில் வெளிப்பட்டது.

1855இல் தஞ்சை அரசு கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியோடு இணைக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் அரண்மனைப் படைக்கொட்டில் கலைக்கப்பட்டது. ஆயுதங்களில் பெரும்பகுதி உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விலைபோனது. தேர்ந்தெடுத்த சில சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தன. வேறு சில சேகரிப்பாளர்களின் கைகள் மாறி, நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம்வரை போயின. பெயர்ந்த பொருள் எளிதில் பெயரையும் இழந்துவிடும். 1613இல் ஜப்பானின் ஷோகுன் (படைத்தலைமை ஆட்சியாளர்) தோகுகாவா ஹிதேதாதா இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸுக்குப் பரிசாக அனுப்பிய கவசங்களில் ஒன்று, பிற்காலத்தில் இலண்டன் கோட்டையில் முகலாயப் பேரரசரின் கவசம் என்ற பெயரில் காட்டப்பட்டது. அதைச் செய்த, ஜப்பானின் நாரா நகரக் கைவினைஞரின் முத்திரை அந்தக் கவசத்திலேயே இருந்தது. அதைப் படிக்கத் தெரிந்தவர் அங்கே எவரும் இல்லை.

எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போக வாய்ப்புக் கிடைத்தால், தஞ்சை ஆயுதங்களின் முன் நின்று அலகைப் பார்ப்பதற்கு முன்னால் பிடியைப் பாருங்கள். முட்டி அடங்கும் குறுக்குக் கம்பிகள் கைபட்டுத் தேய்ந்திருக்கின்றனவா, யாளியின் மூக்கும் பல்லும் மழுங்கியிருக்கின்றனவா, அல்லது செதுக்கிய அன்றுபோலக் கூராக நிற்கின்றனவா என்று பாருங்கள். எந்தக் கட்டாரி தொண்டைமானின் கொட்டிலைச் சேர்ந்தது, எது அதியமானின் கொட்டிலைச் சேர்ந்தது என்பதை ஓரளவுக்கு உங்களாலேயே சொல்லிவிட முடியும்.